கெட்டிமேளத்தோடு ஒரு கணக்கு வகுப்பு

தேயிலை விலை மலையிலிருந்து உருண்டு விழுந்துகொண்டிருந்த வருடங்களில்தான் எங்கள் கல்லூரி இணையத்தில் ஏறியது. கோத்தகிரியைச் சுற்றியிருந்த சிறு விவசாயிகள், பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலைகள் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள் அதிகமாக இருந்தது. எங்கள் கல்லூரித் தாளாளருக்கு ஒரு தேயிலைத் தொழிற்சாலையும் ஒரு கல்லூரியும் உண்டு. தொழிற்சாலையில் செய்ய வேலையில்லாமல் போகவே, மனிதர் முழுக் கவனத்தையும் கல்லூரிப் பக்கம் திருப்பிவிட்டார். எங்கள் கெட்ட காலம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அவர் கோயமுத்தூரில் ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். திரும்பி வரும்போது வாயில் ஒரு சொல்லோடு வந்தார்: மல்டிமீடியா. அதன்பிறகு அந்தச் சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் போன மாணவிகளுக்குக்கூட மல்டிமீடியாவைப் பற்றித்தான் பதில் கிடைத்தது.

காலை வழிபாட்டில் எங்களை எல்லாம் குளிரில் நிற்க வைத்துவிட்டு அவர் அறிவித்தார்.

"இனிமே நம்ம காலேஜ்ல பாடம் கரும்பலகையோட நிக்காதுங்க. வெப்சைட்ல வரும். படம் இருக்கும், சத்தம் இருக்கும், மியூசிக் இருக்கும். மொதல்ல கணக்குப் பாடம். ஏன்னா, அதுலதான் எல்லாரும் பெயிலாகறீங்க."

எல்லாரும் கைதட்டினோம். தட்டினால் கை கொஞ்சம் சூடாகும் என்பதும் ஒரு காரணம்.

நான் அப்போது இயற்பியல் இரண்டாம் வருடம். இயற்பியல் படிப்பவர்கள் துணைப் பாடமாகக் கணக்கும் எழுத வேண்டும். அதில் நான் ஒரு முறை எழுதித் தோற்றிருந்தேன். தோற்றவர்கள் அதிகம் என்பதால் அந்தப் பாடத்தை எங்களுக்கு மறுபடி நடத்தினார்கள். அந்த அரியரை நவம்பர் தேர்வில் முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அப்பா ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

எங்கள் வீடு கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இருந்தது. அப்பாவும் அம்மாவும் சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அங்கேயும் தேயிலைக் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. விலை விழுந்ததும் எஸ்டேட்டில் வேலைநாளைக் குறைத்தார்கள், பிறகு இன்னும் குறைத்தார்கள். எங்கள் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டியவர்கள் எல்லாரும் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் இருந்தார்கள். மாமாவும் அங்கேதான் இருந்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவர் வேலை சொல்லி வைத்திருந்தார். பொங்கல் கழிந்ததும் கிளம்புவது என்று முடிவாகிவிட்டது.

என் விஷயம் மட்டும் முடிவாகவில்லை. கோத்தகிரியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதி ஒன்று இருந்தது. எஸ்டேட் பிள்ளைகளுக்கு அங்கே சாப்பாடும் இடமும் இலவசம். ஆனால் அரியர் இருக்கக் கூடாது. அது அவர்கள் சட்டம்.

"பாஸானா சிஸ்டர்மாரோட இருந்து படிச்சு முடி. இல்லாட்டி எங்களோட வந்து பனியனுக்குக் கை வெட்டு. உன் பாடு" என்றார் அப்பா.

எனக்குப் பனியன் கம்பெனி பிடிக்காது. போய்ப் பார்த்ததில்லை, ஆனாலும் பிடிக்காது. எனக்குப் படித்து முடிக்க வேண்டும். எங்கள் லயத்தில் யாரும் பட்டம் வாங்கியதில்லை, முதல் ஆளாக நான் வாங்க வேண்டும் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஆகவே தாளாளரின் மல்டிமீடியாவைப் பற்றி நான் இன்றைக்கு எவ்வளவு கேலி பேசினாலும், அன்றைக்கு அதை ஒரு தெய்வமாகத்தான் நம்பினேன். வகுப்பில் புரியாததை இணையத்தில் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

படம் பிடிக்க ஆள் வேண்டுமே. தாளாளர் ரொம்பத் தேடவில்லை. கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். இலை விலை விழுந்தால் எங்கள் பக்கம் முதலில் தள்ளிப்போவது கல்யாணம்தான். அண்ணனின் கேமரா அந்த வருடம் உறையைவிட்டு வெளியே வரவே இல்லை. கேமரா இருக்கிறது, லைட் இருக்கிறது, வெட்டி ஒட்டக் கம்ப்யூட்டரும் இருக்கிறது, முக்கியமாக ஆள் சும்மா இருக்கிறார். வேறென்ன தகுதி வேண்டும்?

கணக்கு சார் பொள்ளாச்சிக்காரர். மலைக்கு வந்து பல வருடமாகியும் குளிர் அவரை விடவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா. நல்ல மனிதர், கணக்கும் அத்துப்படி. ஆனால் அவர் எழுதும்போது கரும்பலகைக்கும் எங்களுக்கும் நடுவில் அவர் முதுகு நிற்கும். "இதை இங்க கொண்டு வந்து, இதோட இதைச் சேர்த்தா, இது போயிருமுங்க" என்பார். எது எதோடு சேர்ந்தது, எது போனது என்பது அவருக்கும் சாக்பீஸுக்கும் மட்டும் தெரியும். விலகி நிற்பார், எழுதியதைப் பார்ப்போம் என்று கழுத்தை நீட்டினால், அதற்குள் இடது கையில் இருக்கும் டஸ்டர் பாதியை அழித்திருக்கும்.

படப்பிடிப்பு நாளன்று வகுப்பே பூக்கடை மாதிரி இருந்தது. பெண்கள் எல்லாரும் இருப்பதில் நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தோம். அதுவரை தலை வாராமலே வந்துகொண்டிருந்த பையன்கள் எண்ணெய் வழிய வந்தார்கள். சார்கூட அன்றைக்குக் குல்லாவைத் துவைத்துப் போட்டிருந்தார்.

நான் வழக்கம்போல நோட்டைத் திறந்து குனிந்தேன். அண்ணன் கேமராவுக்குப் பின்னாலிருந்து பதறினார்.

"ஏனுங் தங்கச்சி, குனிஞ்சு எழுதினா உச்சந்தலைதானுங்க தெரியும். நிமிந்து உக்காருங்க. யாரும் எழுத வேண்டாமுங்க. எல்லாம் கேமராவுல பதிவாகுது."

நியாயமாகத்தான் பட்டது. எல்லாம் பதிவாகும்போது எதற்காக எழுத வேண்டும்? நோட்டுகளை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தோம். கல்யாண மண்டபத்து லைட்டை எங்கள் முகத்துக்கு நேரே போட்டார். அதன்பிறகு கரும்பலகை இருந்த திசை மட்டும் தெரிந்தது, கரும்பலகை தெரியவில்லை.

அன்றைய பாடம் தொகையிடல். அதில் ஒரு கணக்கு உண்டு. எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காமல் விடாத கணக்கு என்று சார் சொல்வார். சைனும் ஓர் அடுக்கும் பெருக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தொகையிட வேண்டும். ஒரு முறை பிரித்தால் சைன் போய்க் காஸ் வரும். சரி, வழி பிறந்தது என்று இன்னொரு முறை பிரித்தால் காஸ் போய் மறுபடி சைன் வந்துவிடும். ஆரம்பத்தில் எது நின்றதோ அதுவே மறுபடி எதிரே வந்து நிற்கும். முதல் தேர்வில் நான் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்பப் பிரித்துப் பக்கம் பக்கமாக எழுதி, மணி அடிக்கும்வரை அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து வெளியே வரும் வழி ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

சார் அந்த வரிக்கு வந்தார். குரலை உயர்த்தினார். "இப்ப இதைத் தூக்கி இங்க கொண்டு வந்தா, அவ்வளவுதானுங்க!" என்றார். சாக்பீஸ் கிறீச்சிட்டது. முதுகு அசைந்தது. திரும்பினார்.

"புரிஞ்சுதுங்களா?"

லைட்டும் கேமராவும் எங்கள் மேல். எல்லாரும் தலையாட்டினோம். அழகாக, ஒரே தாளத்தில். முதலில் ஆட்டியது நான்தான் என்று பிறகு தெரிந்தது.

சில வாரம் கழித்துப் பாடம் இணையத்தில் வந்துவிட்டதாகப் பலகையில் எழுதிப் போட்டார்கள். கல்லூரியில் இணையம் இருந்த ஒரே கம்ப்யூட்டர் தாளாளர் அறையில், பூட்டுக்குள், துணி போர்த்தப்பட்டு இருந்தது. நானும் என் பெஞ்சுத் தோழியும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனோம். டெலிபோன் வயர் வழியாக இணையம் கூவிக்கொண்டு வந்தது. படம் முழுதாக வந்து சேருவதற்குள் ஒரு முறை கரண்ட் போனது, ஒரு முறை லைன் போனது. சென்டர்காரர் எங்களுக்கு டீ வாங்கித் தந்தார். அந்தக் காலத்தில் இணையம் பார்க்கிறவர்களுக்கு அந்த அளவு பொறுமை இருந்தது.

கடைசியில் ஒரு தீப்பெட்டி அளவுக்குப் படம் வந்தது. முதலில் பிள்ளையார் வந்தார். பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து 'கணிதம்' என்று நின்றன. மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. பனி மூடிய மலை வந்தது, அருவி வந்தது, ஒரு ஜோடிப் புறாக்கள் வந்தன. பின்னணியில் நாதஸ்வரம். புறாக்கள் பறந்ததும் ஓர் இதயம் விரிந்து, அதற்குள் குரங்குக் குல்லாவோடு கணக்கு சார் தோன்றினார். தோழி சிரித்துச் சிரித்துக் கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கணக்கு ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது. பிரித்தார், காஸ் வந்தது. பிரித்தார், சைன் வந்தது. தீப்பெட்டி அளவிலும் ஓரளவு தெரிந்தது. நான் மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்தேன். சார் குரலை உயர்த்தினார். "இப்ப இதைத் தூக்கி..."

கெட்டிமேளம் முழங்கியது. கரும்பலகை மறைந்தது. இதயத்துக்குள் என் முகம் வந்தது. தலையில் பூவோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் தொடர்ந்து தோழி ஆட்டினாள், பின்பெஞ்சு ஆட்டியது. அட்சதை தூவுவதுபோல ஏதோ எங்கள் மேல் விழுந்தது. மறுபடி கரும்பலகை தெரிந்தபோது சார் அடுத்த கணக்கில் இருந்தார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்த வரியை நான் நோட்டில் எழுதவில்லை, ஏனென்றால் கேமராவில் பதிவாகிறது. கேமராவில் பதிவாகவில்லை, ஏனென்றால் நோட்டில் எழுதாமல் உட்கார்ந்திருந்த என்னை அது பதிவு செய்துகொண்டிருந்தது. மல்டிமீடியா என்றால் இதுதான் போலிருக்கிறது.

நேரே அண்ணன் கடைக்குப் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"ஏனுங்கண்ணா, முக்கியமான எடத்துல எதுக்குங்க எங்க மூஞ்சியக் காட்டினீங்க?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. தொழிலின் நுணுக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

"முக்கியமான எடத்துல மூஞ்சியைத்தானுங்க காட்டோணும். தாலி கட்டறப்ப முடிச்சையேவா காட்டிட்டிருக்கறோம்? பொண்ணோட அம்மா கண்ணத் தொடைக்கறது, சித்தப்பன் சிரிக்கறது, அதுதானுங்க வீடியோ. முடிச்சு எல்லாக் கல்யாணத்துலயும் ஒரே முடிச்சுதானுங்களே."

"அது முக்கியமான எடம்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"வாத்தியார் சத்தத்தைத் தூக்கினாருங்க. சரி, முகூர்த்தம் வந்துருச்சுன்னு திருப்பிட்டேன்."

ஆக, சார் குரலை உயர்த்திய ஒவ்வொரு இடத்திலும் கேமரா எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. அதே பாடத்தின் மற்றக் கணக்குகளையும் போட்டுப் பார்த்தேன். வேண்டாத வரியெல்லாம் துல்லியமாக இருந்தது. வேண்டிய வரி வந்ததும் கெட்டிமேளம்.

இது இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஒருவர் அதே பிரவுசிங் சென்டருக்கு வேறேதோ வேலையாகப் போயிருக்கிறார். எஸ்டேட் பிள்ளை கம்ப்யூட்டரில் வந்திருக்கிறாள் என்று சென்டர்காரர் பெருமையாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். கிளார்க் பார்த்தது என்ன? ரோஜா இதழ், நாதஸ்வரம், இதயத்துக்குள் தலை நிறையப் பூவோடு நான், கெட்டிமேளம், அட்சதை. அவர் லயத்துக்கு வந்து என்ன சொல்லியிருப்பார் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டார்.

"ஏன்க்கா, நம்மளெல்லாம் ஒரே லயத்தில இருந்துட்டு, புள்ள கலியாணத்துக்கு ஒரு வார்த்த சொல்லலியே. சாப்பாடா கேட்டோம்?"

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் எஸ்டேட்டில் வேலையில்லை. அப்பா தலைப்பாகைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நட" என்றார். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி நெடுக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பரீட்சை எழுதாமலே திருப்பூர்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

பிரவுசிங் சென்டரில் அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். படம் வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் வந்ததும் கும்பிட்டார். இதயத்துக்குள் கணக்கு சார் வந்தபோது அவர் உடம்பு விறைத்தது.

"இந்தாளா?"

"ஐயோ அப்பா, அது எங்க கணக்கு சார்!"

சென்டர்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். இது கரும்பலகை, இது கணக்கு, இது அந்த வீடியோ அண்ணனின் கைவரிசை, நாதஸ்வரமும் அவர் போட்டதுதான். அப்பாவின் தோள் மெதுவாகத் தளர்ந்தது. என் முகம் வந்ததும் ஒரு நொடி சிரித்தார். பெண்ணைக் கம்ப்யூட்டரில் பார்க்கும் எந்த அப்பனும் சிரிக்கும் சிரிப்புத்தான். பிறகு இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாம் முறை சிரிக்கவில்லை.

"இந்த எடத்தில தலையாட்டுறியே. வெளங்குச்சா ஒனக்கு?"

"இல்லப்பா."

"பொறகு என்னாத்துக்கு ஆட்டுன?"

எல்லாரும் ஆட்டினார்கள் என்றேன். அப்பா திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன மாசம் பெரட்டுக்களத்தில தொர வந்து நின்னு, வேலநாளு கொறையுது, ஏன் கொறையுதுன்னு பாதி இங்கிலீசில சொன்னாரு. வெளங்குச்சான்னு கேட்டாரு. நாங்களும் இப்பிடித்தான் ஆட்டுனோம். இதே ஆட்டுதான். எங்களயும் படம் புடிச்சிருந்தா இதே மாதிரிதான் இருந்திருக்கும்."

பெரட்டுக்களம் என்பது காலையில் ஆள் எடுக்கும் இடம், தொர என்பது எஸ்டேட் மேனேஜர். நான் சின்னப் பிள்ளையாக அங்கே அம்மா இடுப்பில் இருந்திருக்கிறேன். அப்பாவையும் அம்மாவையும் லயத்து ஆட்களையும் வரிசையாக, என் வகுப்பு மாதிரியே, ஒரே தாளத்தில் தலையாட்டுகிறவர்களாக நினைத்துப் பார்த்தேன். அவமானமாக இருந்தது. யாருக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த படப்பிடிப்பில் அதே வகைக் கணக்கு இன்னொன்று வந்தது. லைட் எரிந்தது, பூ மணந்தது, சார் குரலை உயர்த்தினார், திரும்பினார். "புரிஞ்சுதுங்களா?"

நான் எழுந்து நின்றேன். "புரியலீங்க சார்."

வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அண்ணனுக்கு மட்டும் ஒரே குஷி, கேமராவைத் தூக்கிக்கொண்டு என் முகத்துக்கு ஓடி வந்தார். சார் கரும்பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது போலிருந்தது.

"எதுங்கம்மா புரியலை?"

"அந்தப் பக்கம் இருந்தது இந்தப் பக்கம் எப்படிங்க சார் வந்துச்சு?"

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "எங்களுக்கும் புரியலீங்க சார்" என்றது. அப்புறம் இன்னொன்று. பிறகு யார் யாருக்குப் புரியவில்லை என்று கணக்கெடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்தது என்னவோ உண்மை. ஆனால் அவர் செய்தது வேறு. முதலில் லைட்டை அணைக்கச் சொன்னார். நோட்டை எடுக்கச் சொன்னார். டஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்று, கையை எட்டி நீட்டி எழுதினார். 'இது', 'அது' என்று சொல்லாமல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்தார். சுற்றிக்கொண்டு மறுபடி எதிரே வந்து நிற்கும் அந்தத் தொகை கழித்தல் குறியோடு நிற்கிறது. அதைக் கண்டு பயப்படாமல், சமன் குறிக்கு இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தால், இங்கே ஏற்கெனவே இருக்கும் அதே தொகையோடு சேர்ந்து இரண்டாகிவிடும். இரண்டால் வகுத்தால் விடை. அதைத் தொகையிடவே வேண்டியதில்லை!

இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுக்கா திருப்பூர் வரை பயந்தேன் என்றும் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் முழுக்க ஒரே கணக்குத்தான் நடந்தது. என் படிப்பில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த வகுப்பு வேறில்லை.

இணையத்தில் அந்தப் பாடம் வந்தபோது அந்தப் பகுதி மட்டும் காணவில்லை. நான் எழுந்ததும் இல்லை, சார் ஒதுங்கி நின்று எழுதியதும் இல்லை. கேட்டதற்கு அண்ணன், "அது சண்டையாட்டம் இருந்துச்சுங்க தங்கச்சி. கல்யாண ஊட்டுச் சண்டையெல்லாம் நாங்க கேசட்டுல போடறதில்லீங்க" என்றார்.

இந்த முறை நான் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. சாரைக் கூட்டிக்கொண்டு தாளாளரிடம் போனேன். கரும்பலகை முழுதாகத் தெரிய வேண்டும், சார் எழுதுவதை எல்லாம் வாயாலும் சொல்ல வேண்டும், அப்போதுதான் நிறுத்தி நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்துப் படிக்க முடியும், எங்கள் முகம் வேண்டவே வேண்டாம் என்றேன். தாளாளருக்கு மனமே இல்லை.

"வெறும் பலகையும் கையும் மட்டுமாம்மா? அப்ப மல்டிமீடியா எங்கம்மா?"

சார் இருமினார். "கைதானுங்களே சார் கணக்குப் போடுது" என்றார். யோசிப்பதாகத் தாளாளர் சொன்னார். அவர் யோசிப்பதாகச் சொன்னால் அடுத்த பருவத்துக்கு ஒத்திப் போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

நவம்பர் தேர்வில் அந்தக் கணக்கு வரவே இல்லை. எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காமல் விடாத கணக்கை எங்கள் பல்கலைக்கழகம் சர்வசாதாரணமாக விட்டுவிட்டது. வேறு கணக்குகள் வந்தன. புரியாததைப் புரியவில்லை என்று சார் பின்னாலேயே திரிந்து நச்சரித்துப் பழகியிருந்ததால், அவற்றைப் போட்டேன். பாஸாகிவிட்டேன்.

பொங்கல் கழிந்தது. அப்பாவும் அம்மாவும் மூட்டை கட்டினார்கள். சிலோனிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியை மறுபடி இறக்கித் துடைத்தார்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் பஸ் நின்றது. ஜெயித்தவள் நான், ஆகவே நான் கீழே நின்றேன். அவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். இதற்காகத்தானே இந்தப் பாடு பட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடிப்போய் ஏறிவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏன் புள்ள, அந்தக் கம்ப்யூட்டர் படம் இங்கன மட்டுந்தான் தெரியுமா? திருப்பூர்லயும் தெரியுமா?"

"எங்க இருந்தாலும் தெரியும்மா."

"அப்ப சரி" என்றார். பஸ் போய்விட்டது.

அம்மா அதை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாமா வீட்டுத் தெருமுனையில் எஸ்.டி.டி. பூத்தும் பிரவுசிங்கும் சேர்ந்த கடை ஒன்று இருந்தது. மாமா ஒரு தாளில் கல்லூரி வெப்சைட் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தாளோடு போய், கடைக்காரத் தம்பியிடம் நீட்டி, படத்தைப் போடச் சொல்லி என்னைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே விடுதிக்குப் போன் செய்வார்.

"மெலிஞ்சு தெரியிறியே புள்ள. சிஸ்டர்மாரு சோறு போடுறாங்களா?" என்று ஒரு வாரம் கேட்பார். "இன்னைக்கு மொகம் கொஞ்சம் தெளிவா இருக்கு" என்று மறு வாரம் சொல்வார். அது போன வருடம் பிடித்தது, எப்போது போட்டாலும் ஒரே படம்தான் என்று நான் விளக்கிப் பார்த்தேன். தெரியும் என்பார். அடுத்த வாரமும் மெலிந்திருக்கிறேன் என்பார். கடைக்காரத் தம்பி மாப்பிள்ளை யார் என்று கேட்டதாகவும், விளக்கம் சொல்லி மாளவில்லை என்பதால், வெளியூரில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டதாகவும் ஒரு முறை சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த பருவத்தில் தாளாளர் யோசித்து முடித்தார். எல்லாப் பாடத்தையும் புதிதாகப் பிடித்தார்கள். அண்ணன் கேமராவை ஒரே இடத்தில் கட்டிப் போட்டுவிட்டு, ரொம்ப வருத்தத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கரும்பலகை முழுதாகத் தெரிந்தது. சாரின் கை வந்து எழுதும், குரல் ஒவ்வொரு வரியையும் சொல்லும். நாதஸ்வரமும் இல்லை, புறாவும் இல்லை. புரியாத இடத்தில் நிறுத்தலாம், திரும்பப் போட்டுப் பார்க்கலாம். முதல் வருடப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் கூட்டமாக உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். இடம் போதவில்லை என்று பழைய பாடங்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். முதல் பக்கத்தில், 'மாணவி ஒருவரின் ஆலோசனைப்படி மாற்றியமைக்கப்பட்டது' என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அந்த ஞாயிறு விடுதிக்குப் போன் வந்தது.

"புள்ள, பலகதான் தெரியுது" என்றார் அம்மா. "ஒரு கை வந்து எழுதிக்கிட்டே இருக்கு. நீ எங்க இருக்க?"

வகுப்பில்தான் இருக்கிறேன், கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். இனி முகம் வராது, நான்தான் வேண்டாம் என்று சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை.

"பின்னாடி இருந்தா கடைசியிலயாவது வருவ தானே" என்றார் அம்மா. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"தம்பி, மறுக்கா மொதல்ல இருந்து போடு. அவ எங்கனயாச்சும் இருப்பா."

சாரின் குரல் போனில் சின்னதாகக் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வரியாக, தெளிவாக, எல்லாவற்றையும் பெயர் சொல்லி அழைத்து அவர் அந்தக் கணக்கைப் போட்டார். அம்மா அதை முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.